குட்டி முதலாளி கதை: மலையகத்துக்கான செய்முறை

முதலில் எலுமிச்சம்பழத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பிள்ளைகள் தொழில் தொடங்கும் கதை என்றால் உலகமெங்கும் அந்தப் பழத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்க வீட்டு வாசலில் ஒரு மேசை, ஒரு சாடி, கையால் எழுதிய விலைப்பலகை, கோடை வெயிலில் நா வறண்டு வரும் அயல்வீட்டுக்காரர். ஜாக்குலின் டேவிஸ் 2007இல் எழுதிய ‘தி லெமனேட் வார்’ நாவலில் அண்ணனும் தங்கையும் போட்டி போட்டு விற்பது இதைத்தான். நல்ல நாவல். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பின்னேரம் பனிமூட்டம் இறங்கிய பிறகு ஒரு பிள்ளை தெருவோரத்தில் குளிர்ந்த பானத்தோடு நின்றால், வருகிறவர் காசு கொடுக்க மாட்டார், சுவெட்டர் கொடுப்பார். சரி, அப்படியானால் தேநீர் விற்கட்டுமே என்கிறீர்களா? கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும்.

ஆனாலும் கதை வந்தாக வேண்டும். திட்டம் வந்துவிட்டது, நிதி வந்துவிட்டது, ‘தோட்டப்புறச் சிறுவர்களிடம் தொழில் முயற்சி மனப்பான்மையை வளர்த்தல்’ என்று பதாகையும் அச்சாகிவிட்டது. சாதாரண தரத்துக்கு வணிகக் கல்வியும் கணக்கீடும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வகுப்புகளுக்கு வண்ணப் படம் போட்ட கதைப்புத்தகம் வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு அதை எழுதப்போகும் உங்களுக்காகத்தான் இந்தச் செய்முறை. சொன்னபடி செய்தால் பிசகாது.

நாயகனுக்கு வயது பன்னிரண்டு வையுங்கள். பதினாறுக்குமேல் போகாதீர்கள், கதையின் அழகு கெட்டுவிடும். சட்டம் என்ன சொல்லும் என்று பயப்பட வேண்டாம். இலங்கையில் பதினாறு வயதுவரை பாடசாலைக்குப் போவது கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதையும் 2021இல் பதினாறாக உயர்த்திவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு கடையில் சாமான் கட்டிக் கொடுத்தால் கடைக்காரர் மீது வழக்கு வரும். அதே பிள்ளை தானே சாமான் கட்டித் தானே விற்றால் மேடையில் ஏற்றி மாலை போடுவார்கள். கூலிக்குத்தான் வயதெல்லை, முதலாளிக்கு இல்லை. இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கத் தேவையில்லை. ‘ஒரு தோட்டத்துச் சிறுவன்’ என்றாலே போதும். திட்ட அறிக்கைகளில் அப்படித்தான் வருகிறான், படத்திலும் அப்படித்தான் சிரிக்கிறான். அவனிடம் கனவைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். “பெரியவனானதும் என்ன செய்யப்போற தம்பி?” என்று கேட்டால், “டீச்சராகணும் சார்” என்பான். கதை அங்கேயே முடிந்துவிடும்.

இனி முதல். தொழிலுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கமாவது எழுதவேண்டியிருக்கும். இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. கேட்டி ஸ்மித் மில்வே 2008இல் எழுதிய ‘ஒன் ஹென்’ என்ற படக்கதை. கானா நாட்டுச் சிறுவன் கோஜோவின் அம்மா ஊர்க் குடும்பங்களின் சேமிப்புக் குழுவில் சிறுகடன் வாங்குகிறாள். மிஞ்சிய சில்லறையில் பையன் ஒரு கோழி வாங்குகிறான். முட்டை விற்று, கோழிகள் பெருகி, கடைசியில் பெரிய பண்ணைக்காரனாகிறான். குவாபெனா டார்கோ என்ற உண்மையான கானா தொழிலதிபரின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை என்பதால் நம்பிக்கையோடு பின்பற்றலாம்.

மலையகத்துக்குக் கொண்டுவரும்போது சில சிறு திருத்தங்கள் மட்டும் வேண்டும். தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் தாத்தா, அப்பாயி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. கோழியை லயத்துக்குப் பின்னால் கூடு கட்டி வைக்கலாம். அந்த நிலம் தோட்டத்தினுடையது. தோட்ட முகாமையாளரான துரை நல்ல மனிதராக இருந்தால் கண்டும் காணாமல் போவார், ஆகவே உங்கள் கதையின் துரை நல்ல மனிதராக இருக்கட்டும். அடுத்து, சிறுத்தை. தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய்களையே தூக்கிக்கொண்டு போகும். ஒரு கோழியில் தொடங்கும் தொழிலுக்கு ஒரே இரவில் முழு முதலும் போய்விடும் ஆபத்து. கானாக் கதையில் இல்லாத இந்தப் பக்கத்தை உங்கள் ஓவியர் வரைய ஆசைப்படுவார். விடாதீர்கள்.

அம்மாவின் சிறுகடனைக் கட்டாயம் வையுங்கள், நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும். குழுவாகப் பெண்கள் உட்கார்ந்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணையாகக் கையெழுத்து வைக்கும் படம் மிக அழகாக வரும். அடுத்த கிழமை தவணை கேட்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் படம் வேண்டாம். இந்த நாட்டில் நுண்கடன் நெருக்கடி முற்றி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான கடனை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அது வேறு மாவட்டங்களின் கதை, கோழிக்கதை இல்லை.

கடைக்கு இடம், இடத்துக்கு முகவரி. இதை ஒரே வரியில் தாண்டிவிடுங்கள்: ‘வீட்டு வாசலில் சிறிய பலகை ஒன்றைத் தொங்கவிட்டான்.’ வீடு யாருடையது என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் திறமை. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கு அது சொந்தமில்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் கைக்குக் கிடைக்கும். வீட்டுக்கென்று தனி இலக்கமும் வீதிப் பெயரும் கொண்ட முகவரி இல்லாத குடும்பங்கள் ஏராளம். வியாபாரத்தைப் பதிவு செய்யப் படிவம் கொடுத்தால் முதலாவது கட்டத்திலேயே பேனா நிற்கும். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்த சிலர் இருக்கிறார்கள். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தபோது கூட்டம் பலமாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவுக்கு ஏன் கடை இல்லை என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கக்கூடும். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்ததும், தாத்தா பிறந்த நாட்டிலேயே நாடற்றவரானதும், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்ததும், மிச்சக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்டதும் எட்டாம் வகுப்புப் படக்கதையில் அடங்காது. ‘தாத்தாவுக்கு அந்த யோசனை வரவில்லை’ என்று எழுதிவிடுங்கள். இந்த வகைக் கதைகளில் எல்லாக் குறைக்கும் அதுதான் காரணம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. மலையகத்தில் ஏற்கெனவே பிள்ளைகள் நடத்திய தொழில் ஒன்று உண்டு. உலகப் பயணிகள் பலர் அதைப்பற்றி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் தப்பித்தவறிக்கூட அதைத் தொடக்கூடாது.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதி இறம்பொடைப் பக்கம் கொண்டை ஊசி போல வளைந்து வளைந்து போகும். மேலிருந்து ஒரு வான் இறங்குகிறது. முதல் வளைவில் ஒரு பையன் பூங்கொத்தை நீட்டுகிறான். “பூ வாங்குங்க சார்.” வான் நிற்கவில்லை. வீதி சுற்றிக்கொண்டு இறங்க, பையன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேர்க்குத்தாக ஓடி, அடுத்த வளைவில் வானுக்கு முன்னால் நிற்கிறான், அதே பூ, அதே சிரிப்பு. மறுபடியும் ஓட்டம். மூன்றாவது வளைவில் வண்டிக்குள் இருப்பவர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள், நான்காவதில் புகைப்படம் எடுப்பார்கள், ஐந்தாவதில் மனசு கேட்காமல் காசு எடுப்பார்கள். பிறகு அவன் மூச்சு வாங்க மலையேறித் திரும்பவேண்டும்.

முகாமைத்துவப் பாடம் நடத்துகிறவர்கள் தேடித் தேடிச் சொல்லும் அத்தனையும் இதில் இருக்கிறது. கொள்முதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. வாடகை இல்லை, முகவரி தேவையில்லை. ஒரே வாடிக்கையாளரை ஐந்து தடவை சந்திக்கும் உத்தி எந்தப் பெரிய கம்பனிக்கும் வராது. கணிதத்துக்கும் தோதான கதை: வீதியின் நீளம் இவ்வளவு, வானின் வேகம் இவ்வளவு, குறுக்குப்பாதை இவ்வளவு, பையன் எந்த வேகத்தில் ஓடினால் அடுத்த வளைவில் முந்துவான்? ஒன்பதாம் வகுப்புக் கேள்வித்தாளுக்கு அப்படியே போடலாம்.

பிறகு ஏன் தொடக்கூடாது? பூ விற்ற பையன் கடைசிப் பக்கத்தில் பூக்கடை வைக்கமாட்டான். அவன் விற்றது பூவை அல்ல, தன் ஓட்டத்தை. ஓட்டத்தைச் சேர்த்துவைத்து முதலாக்க முடியாது; இன்றைக்கு ஓடியதற்கு இன்றைக்குக் காசு, கால் வலித்தால் காசு இல்லை. அம்மா அப்பாவுக்கும் அதுதான் கணக்கு, மலைக்குப் போனால் பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம்; போகாவிட்டால் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பையன் வளைவில் நிற்கிறான் என்றால் வகுப்பில் அவனுடைய இடம் காலி. பயணக் கட்டுரை எழுதிய வெளிநாட்டவர் எவரும் அந்தக் கணக்கைப் போட்டதாகத் தெரியவில்லை. பூ வாங்கிய சந்தோஷம் அவர்களுக்கு.

ஆகவே உண்மைப் பையனை வளைவிலேயே விட்டுவிட்டுப் பாதுகாப்பான முன்னுதாரணத்துக்கு வாருங்கள்: சேர் தோமஸ் லிப்டன். இவரைவிடப் பொருத்தமான குட்டி முதலாளி கிடைக்கமாட்டார். 1848இல் கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குச் சின்ன மளிகைக் கடை. பள்ளியைப் பாதியில் விட்டார், பதின்ம வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், திரும்பிவந்து 1871இல் சொந்தக் கடை திறந்தார். தெருவில் பன்றிகளை ஊர்வலம் விட்டு விளம்பரம் செய்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அந்தப் பன்றிகளை விடவேண்டாம்.

1890இல் இலங்கைக்கு வந்தபோது மட்டும் கொஞ்சம் வேகமாகப் பக்கத்தைப் புரட்டுங்கள். 1869இலிருந்து கோப்பியை இலைநோய் அரித்துத் தின்றிருந்தது. தோட்டக்காரர்கள் நொடித்துப்போய் நிலம் மலிவாகக் கிடைத்தது. ஹப்புத்தளைப் பக்கம் தம்பதென்ன உள்ளிட்ட தோட்டங்களை லிப்டன் வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பதுதான் அவருடைய விளம்பரம். இடையில் யாரும் இல்லை என்று பொருள். கூடை சுமந்தவளும் அந்த ‘யாரும்’ கணக்கில் சேர்ந்துவிட்டாள் என்பதைப் பிள்ளைகள் கவனிக்கமாட்டார்கள் என்று நம்புவோம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த இடம் ‘லிப்டன் சீட்’ என்று இன்றைக்கும் சுற்றுலாத்தலம். அங்கே ஏறி இறங்கும் வழியில் கொழுந்து எடுப்பவர்களுக்கு மலைதான், சீட் இல்லை.

“எங்க ஆளுங்கள்ல முதலாளி யாருமே இல்லியா சார்?” என்று கேட்டால் பெரிய கங்காணியைச் சொல்லலாம்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக் கொண்டுவந்தவர் அவர். வழிச்செலவு கடன், அரிசி கடன், கம்பளி கடன். எத்தனை பேர் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனைக்குத் தலைக்காசு. ஆட்களின் கடனை எழுதிய ‘துண்டு’ என்ற தாள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும். கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆட்களும் போவார்கள். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வெறுங்கையோடு தொடங்கி, பிறர் உழைப்பை முதலாக்கி, வலையமைப்பு விரித்து வளர்ந்த அசல் தொழில் முயற்சி. மேடைப் பேச்சாளர்கள் புகழும் இலட்சணம் ஒவ்வொன்றும் பொருந்தும். ஆனாலும் வேண்டாம். வாசிக்கிற பிள்ளையின் கொள்ளுத்தாத்தா அந்தத் துண்டில் எழுதப்பட்டவராக இருப்பார்.

கணக்குப் பகுதிக்கு வருகிறோம். இங்கேதான் அனுபவம் இல்லாத எழுத்தாளர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

ஜீன் மெரில் 1972இல் எழுதிய ‘தி டூத்பேஸ்ட் மில்லியனர்’ அந்த விதத்தில் மோசமான உதாரணம். கிளீவ்லாந்து நகரத்துப் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ரூபஸ், கடையில் பற்பசை விலையைப் பார்த்து அதிர்ந்து, உள்ளே இருக்கிற பொருளுக்கு உண்மையில் என்ன செலவு என்று கணக்குப் போடுகிறான். சமையல் சோடாவில் தானே செய்து, செலவையும் வெளிப்படையாகச் சொல்லி, மலிவாக விற்கிறான். ஆசிரியர்கள் அதைக் கணித வகுப்பிலேயே பயன்படுத்தினார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த புத்தகம், அதனால்தான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். ஒரு பொருளின் விலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகிய பிள்ளை பற்பசையோடு நிற்காது.

தேயிலைக்கு வந்துவிடும். பல தோட்டங்களில் முழுப்பேர் விழ ஒரு நாளைக்குக் கேட்கும் கொழுந்து 18 கிலோ. குறைந்தால் அரைப்பேர். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டி அரைத்துக் காய வைத்தால், ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலை. ஆக, ஒரு நாள் கூடை நாலு கிலோ. ஒரு தேநீர்ப் பையில் இரண்டு கிராம். நாலாயிரத்தை இரண்டால் வகுத்தால் இரண்டாயிரம் பை, இரண்டாயிரம் கோப்பை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. அந்த ஆயிரத்துக்காக இளைஞர்கள் 2018இல் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடல்வரை போயிருந்தார்கள். ஆயிரத்தை இரண்டாயிரத்தால் வகுத்தால் ஒரு கோப்பைக்கு ஐம்பது சதம். அதன் பிறகு சம்பளம் ஏறியிருக்கிறது. திரும்பப் போட்டுப் பார்த்தாலும் ஒரு ரூபாவைத் தொடவில்லை.

ஸ்டோரின் விறகுச் செலவு, மின்சாரம், உரம், 1883இலிருந்து நடக்கும் கொழும்பு ஏலத்தின் தரகு, பெட்டி, கப்பல் எல்லாம் இதன்மேல் ஏறும் என்பது உண்மைதான். கம்பனிக்காரர்கள் அதை மிகத் தெளிவாகச் சொல்லுவார்கள், பட்டியலும் வைத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் அந்தப் பட்டியலையும் கொடுத்து, நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் தேநீர் விலையையும் கொடுத்து, இடையில் எவ்வளவு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அருமையான பயிற்சியாக இருக்கும். செய்யாதீர்கள். பயிற்சிப் பக்கத்தில் வேறு கேள்வி வையுங்கள்: ‘கோழிக்கு நீ என்ன பெயர் வைப்பாய்?’

கணக்கு இல்லாமல் கதை எழுதினால் பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியாமல் போய்விடும் என்று எண்ணவேண்டாம். அம்மாவின் சம்பளச் சீட்டை வாசித்துக் காட்டுவது பல வீடுகளில் படிக்கிற பிள்ளைதான். சேமலாப நிதி இவ்வளவு, சங்கச் சந்தா இவ்வளவு, 25ஆம் திகதி வாங்கிய அட்வான்ஸ் இவ்வளவு, பிடித்தது போகக் கைக்கு இவ்வளவு. மொத்த வருமானத்துக்கும் தேறிய வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு, பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு முந்தியே, சீட்டின் அடிவரியில் படித்தாகிவிட்டது. ஒரு கூடைக் கொழுந்தின் நிறையை வைத்தே என்.எஸ்.எம். இராமையா ஒரு சிறுகதை எழுதினார். ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்ற பெயரில் 1980இல் அவருடைய தொகுப்பும் வந்தது. தராசின் முள்ளைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் அதைப் படித்துத் தலையாட்டினார்கள். அந்த வாசகர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் இலாபம் என்றால் என்ன என்று பெட்டிக்குள் விளக்கம் கொடுக்கப்போகிறீர்கள்.

முடிவு சுலபம். கதையின் கடைசியில் அமைச்சர் வரவேண்டும், சான்றிதழ் கொடுக்கவேண்டும், பையன் ஒலிவாங்கியைப் பிடித்து “முயன்றால் முடியும்” என்று சொல்லவேண்டும். சாதாரண தரத்தோடு நின்று, கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ கடையில் நிற்கிற அண்ணனைக் கூட்டத்தில் காட்டவேண்டாம். அவனுக்கும் லீவு கிடைத்திருக்காது. அவனும் ஒருநாள் சொந்தக் கடை போடலாம், போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிடித்த வருடங்களைப் படக்கதையின் முப்பத்திரண்டு பக்கத்துக்குள் அடக்க முடியாது. யாராவது ஒரு நாவலாசிரியர் எழுதட்டும்.

வெளியீட்டு விழா ஹோட்டலில் வையுங்கள், தேநீர் இடைவேளை இருக்கட்டும், கோப்பைகளை யாரும் எண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாடசாலைகளுக்கு இலவசப் பிரதி போகட்டும். மிச்சத்தைத் தோட்டங்களில் விற்பதாக இருந்தால் நாள் பார்க்கவேண்டும். 9ஆம் திகதி போய் நின்றால் ஒன்றும் நடக்காது. சம்பளம் 10ஆம் திகதி. அன்றைக்குத்தான் துணி மூட்டைக்காரர், கடலைக்காரர், பாத்திரக்காரர் எல்லாரும் வருவார்கள், நீங்களும் அவர்களுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரலாம். 12ஆம் திகதிக்குப் பிறகு போனால் கடனுக்குத்தான் போகும். கடன் கொப்பியை எப்படி எழுதுவது, யார் பெயரை முதலில் எழுதவேண்டும், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதை உங்கள் வாசகர்களிடம் கேளுங்கள். பன்னிரண்டு வயதுக்காரர் யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தருவார்.